மார்ஷல் டில்லன் துப்பாக்கியைக் கழற்றி வைத்த நாள்: ‘கன்ஸ்மோக்’ மறுபடியும்

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு தெருவில் இருந்து ஆரம்பிக்கலாம்.

மண் தெரு. ரெண்டு பக்கமும் மரக் கட்டடங்கள். ஈ, காக்கா இல்லை. கேமரா ஒரு உயரமான ஆளுக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில் இருக்கு. அந்த இடுப்பில் ஒரு துப்பாக்கி. தெருவோட அந்தக் கோடியில் இன்னொருத்தன் நிக்கிறான். ரெண்டு பேரும் உருவுறாங்க. சத்தம், புகை. தூரத்தில் நின்னவன் விழறான். டைட்டில் வருது: ‘கன்ஸ்மோக்’. துப்பாக்கிப் புகை.

1955-ல் இருந்து 1975 வரைக்கும் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஓடிய தொடர் இது. 20 சீசன், 635 எபிசோடு. நாம ஒரு வெப் சீரிஸ் நாலாவது சீசன் வந்தாலே “இன்னும் முடியலையா”ன்னு கேட்கிற ஆளுங்க. இதோட எண்ணிக்கையைத் தாண்ட ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூனுக்கு 2018 ஆகவேண்டியிருந்தது. அதுவும் கார்ட்டூன்ல யாருக்கும் வயசாகாது. இதில் ஒரே மனுஷன், ஜேம்ஸ் ஆர்னெஸ், 32 வயசில் மார்ஷல் மேட் டில்லனா நடிக்க ஆரம்பிச்சு, 51 வயசில் நிறுத்தினார்.

நான் இதை முதல்ல பார்த்தது 2012-ல். ஒரு ப்ராஜெக்ட்டுக்காக அமெரிக்காவில் எட்டு மாசம் இருந்தேன். மத்தியான ஷிப்ட் இல்லாத நாளில் டிவியைப் போட்டா இது ஓடிக்கிட்டு இருக்கும். அதுக்கு முந்தின வருஷம்தான் ஆர்னெஸ் 88 வயசில் இறந்திருந்தார். எனக்கு அப்போ கௌபாய்ன்னா லயன் காமிக்ஸ் டெக்ஸ் வில்லர். அப்பாவுக்கு கௌபாய்ன்னா கர்ணன் எடுத்த ‘கங்கா’ ஜெய்சங்கர். அந்தக் கணக்கில்தான் பார்த்தேன்: குதிரை, தொப்பி, டுமீல். சோறு சாப்பிட்டுக்கிட்டே பார்க்க நல்லா இருந்தது.

இந்த வருஷம் முதல் சீசனில் இருந்து வரிசையா உட்கார்ந்து பார்த்தேன். 635-ம் இல்லை, அந்த அளவுக்கு எனக்கு ஆயுசு இல்லை. முதல் அஞ்சாறு சீசன், அப்புறம் அங்கங்கே பொறுக்கி. பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் உறுத்த ஆரம்பிச்சது. டைட்டிலில் வர்ற அந்த ஒரு நிமிஷமும், அதுக்குப் பின்னால வர்ற கதையும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுது. டைட்டில் சொல்றது: வேகமா சுடத் தெரிஞ்சவன் ஜெயிப்பான். கதை சொல்றது: இந்த ஆள் சுடுறதையே வெறுக்கிறான்.

முதல் எபிசோடையே எடுத்துக்கோங்க. 1955 செப்டம்பர் 10. ஆரம்பத்தில் ஜான் வெய்ன் நேரா கேமராவைப் பார்த்துப் பேசறார். அந்தக் காலத்தில் வெஸ்டர்ன்னா ஜான் வெய்ன்தான். புது நடிகர் ஒருத்தரை அறிமுகப்படுத்துறேன், பழகிக்கோங்கன்னு சொல்லிட்டுப் போறார். இவ்வளவு பில்டப் கொடுத்து வர்ற ஹீரோ முதல் எபிசோடில் என்ன செய்யறான் தெரியுமா? தோக்கிறான். டான் கிராட்னு ஒரு துப்பாக்கிக்காரன் ஊருக்குள்ள வர்றான். டில்லன் தெருவில் அவனை எதிர்கொள்றான், குண்டு வாங்கிக் கீழே விழறான். எபிசோடோட பேரே ‘மேட் கெட்ஸ் இட்’. நம்ம பாஷையில் சொன்னா, ‘மேட் வாங்கிக் கட்டிக்கிறான்’. படுக்கையில் கிடந்து யோசிக்கும்போதுதான் அவனுக்கு ஒண்ணு புரியுது. கிராட் வேகமானவன், ஆனா பக்கத்தில் வந்து சுட்டால்தான் குறி தப்பாது. அடுத்த தடவை டில்லன் தள்ளி நிக்கிறான். அவ்வளவுதான் வெற்றி. வீரம்னு சொல்ல அதில் பெருசா ஒண்ணும் இல்லை. கூர்ந்து கவனிக்கிற ஒரு போலீஸ்காரனோட வேலை அது.

இந்தக் குணம் எங்கே இருந்து வந்ததுன்னா, ரேடியோவில் இருந்து. டிவிக்கு வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாலயே, 1952 ஏப்ரலில், ‘கன்ஸ்மோக்’ ரேடியோ நாடகமா ஆரம்பிச்சாச்சு. நார்மன் மெக்டானல் தயாரிப்பு, ஜான் மெஸ்டன் எழுத்து. வெள்ளைத் தொப்பி நல்லவன், கறுப்புத் தொப்பி கெட்டவன்னு குழந்தைகளுக்காக ஓடிக்கிட்டிருந்த வெஸ்டர்ன் நாடகங்களுக்கு நடுவில், பெரியவங்களுக்கு ஒண்ணு பண்ணணும்னு இவங்க நினைச்சாங்க. பாட்காஸ்ட் கேக்கிற உங்களுக்கு நான் கட்டாயம் சிபாரிசு பண்றது அந்த ரேடியோ வடிவத்தைத்தான். இணையத்தில் தேடினா கிடைக்கும். மரப்பலகையில் பூட்ஸ் சத்தம், தூரத்தில் நாய் குரைக்கிறது, கதவு முனகுறது. யாரும் எதுவும் பேசாம சில விநாடி போகும். இன்னைக்கு நாங்க எடிட் பண்ணும்போது ரெண்டு விநாடி மௌனம் வந்தாலே வெட்டி எறிஞ்சிடறோம்.

ரேடியோவில் டில்லனுக்குக் குரல் கொடுத்தவர் வில்லியம் கான்ராட். கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஒரு குரல். ஆள் நல்ல பருமன். டிவிக்குப் போகும்போது அந்த உடம்பு வேண்டாம்னு, குரலை விட்டுட்டு 6 அடி 7 அங்குல உயரத்தைக் கொண்டு வந்தாங்க. அதான் ஆர்னெஸ்.

ஆர்னெஸ் பத்தி ஒரு சின்ன இடைச்செருகல். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் ஆன்சியோ கடற்கரையில் இறங்கின படையில் இருந்தவர். 1944-ல் காலில் குண்டு பாய்ஞ்சது. ஆயுசு முழுக்க அந்தக் கால் அவரை விடலை. தொடரில் டில்லனுக்கு உதவியாளா வர்ற செஸ்டர் ஒரு காலை விறைப்பா வச்சு நொண்டி நடப்பான். அந்த வேஷம் போட்ட டென்னிஸ் வீவர் நிஜத்தில் நல்ல ஓட்டக்காரர், அந்த நொண்டல் நடிப்பு. நிஜமாவே கால்ல குண்டு வாங்கினவர் நேரா நடக்கிறார், கால் நல்லா இருக்கிறவர் நொண்டுறார். இது தெரிஞ்ச பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து நடக்கிற எந்தக் காட்சியையும் என்னால பழைய மாதிரி பார்க்க முடியலை. ஸ்பீல்பெர்க்கோட ‘டூயல்’ படத்தில் லாரி துரத்துற அந்தக் கார்க்காரர் ஞாபகம் இருக்கா? அவர்தான் வீவர்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

ரெண்டாவது சீசனில், 1957 பிப்ரவரியில் வந்த ஒரு எபிசோடு இருக்கு. ‘பிளடி ஹேண்ட்ஸ்’. மெஸ்டன் எழுதினது. வெறும் அரை மணி நேரம். டில்லன் ஒரு கும்பலைப் பிடிக்கப் போறான். துப்பாக்கிச் சண்டை. மூணு பேரைக் கொல்ல வேண்டியதாப் போகுது. பொதுவா ஒரு வெஸ்டர்ன் முடியற இடம் இது. இங்கே கதை இப்பதான் ஆரம்பிக்குது. டில்லன் திரும்பி வந்து உட்கார்றான். அவனுக்கு ஒமட்டுது. இனி என்னால ஒரு மனுஷனையும் கொல்ல முடியாதுன்னு வேலையை ராஜினாமா பண்றான். பேட்ஜைக் கழற்றி வைக்கிறான், துப்பாக்கியைக் கழற்றி வைக்கிறான். கிட்டியோட போய் ஓடைக்கரையில் மீன் பிடிக்கிறான். முகத்தில் ஒரு நிம்மதி தெரியுது.

அப்புறம் ஊரில் ஒருத்தன் ஒரு சலூன் பொண்ணைச் சுட்டுக் கொல்றான். சலூன்னா நம்ம ஊர் முடி வெட்டுற கடை இல்லை, சாராயக்கடை. தடுக்க ஆள் இல்லை. செஸ்டர் டில்லனைத் தேடி வந்து சொல்றான். எனக்கு உங்க அளவுக்குத் துப்பாக்கி வராது, ஆனா யாராவது இதைச் செஞ்சாகணும், இந்த வேலை உங்க தலையில் விழுந்திருக்கு, நீங்க மாட்டிக்கிட்டீங்க. கிட்டத்தட்ட அந்த அர்த்தம். டில்லன் எழுந்து போறான்.

2012-ல் பார்த்திருந்தா இதை ‘ஹீரோ திரும்பி வந்துட்டார்’னு விசில் அடிக்கிற காட்சியா எடுத்திருப்பேன். நம்ம சினிமா நம்மளை அப்படித்தான் பழக்கி வச்சிருக்கு. ரெண்டாவது பாதியில் ஹீரோ அரிவாளைத் திரும்ப எடுக்கிற இடத்துக்குத்தானே டிக்கெட்டே வாங்கறோம். இங்கே அது ஒரு தண்டனை மாதிரி எடுக்கப்பட்டிருக்கு. அவன் வாழ ஆசைப்பட்ட வாழ்க்கை ஓடைக்கரையில் இருக்கு, அவன் எழுந்து அதை விட்டுப் போறான்.

இப்போ என் அக்கா பையன் விஷயம். அக்கா குடும்பம் டெக்சாஸில் இருக்கு. பையனுக்கு எட்டு வயசு. கோடை விடுமுறைக்குச் சென்னை வந்திருந்தான். நான் லேப்டாப்பில் இதைப் பார்த்துக்கிட்டிருந்தப்ப பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். டைட்டில் ஓடுது. அதே தெரு. அவன் கேட்டான்: “மாமா, எல்லாரும் எங்க? லாக்டவுனா?”

நமக்கு லாக்டவுன்னா கொரோனா. அவனுக்கு லாக்டவுன்னா வேற. துப்பாக்கியோட ஒருத்தன் ஸ்கூலுக்குள்ள வந்துட்டா கதவைச் சாத்தி, லைட்டை அணைச்சு, மூச்சு விடாம மூலையில் உட்கார்றது. வருஷத்துக்குச் சில தடவை பயிற்சி உண்டாம். நாம தீயணைப்பு ஒத்திகை பண்ற மாதிரி. சாதாரணமா சொன்னான், சொல்லிட்டு முறுக்கு எடுக்கப் போயிட்டான்.

அந்தத் தெரு ஏன் காலியா இருக்குன்னு நான் ஒரு நாளும் யோசிச்சதில்லை. அது ஒரு அழகான ஃப்ரேம். அவ்வளவுதான். அவன் கேட்ட பிறகுதான் நிஜ டாட்ஜ் சிட்டி எப்படி இருந்ததுன்னு படிக்க ஆரம்பிச்சேன். இந்த எபிசோடே அதனால வந்ததுதான்.

டாட்ஜ் சிட்டி நிஜமான ஊர். கான்சாஸ் மாநிலத்தில் இருக்கு. 1872-ல் ரயில் பாதை வந்தப்ப உருவானது. டெக்சாஸில் நீளக் கொம்பு மாடுகள் ஏராளம், வாங்க ஆள் இல்லை. கிழக்கே சிகாகோ பக்கம் மாட்டிறைச்சிக்கு நல்ல விலை. நடுவில் ரயில் கான்சாஸ் வரைக்கும்தான் இருக்கு. அதனால மாட்டு மந்தைகளை நூற்றுக்கணக்கான மைல் வடக்கே ஓட்டிக்கிட்டு வந்து ரயிலில் ஏத்துவாங்க. கௌபாய்ங்கிற வார்த்தைக்கு நாம என்னென்னவோ கற்பனை பண்றோம். அவங்க மாடு மேய்க்கிற கூலிக்காரப் பசங்க. பெரும்பாலும் இருபது சொச்சம் வயசு. அவங்கள்ல நாலில் ஒருத்தர் வரைக்கும் கறுப்பினத்தவரா இருந்திருக்கலாம்னு வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடறாங்க. மெக்சிகோக்காரங்களும் நிறைய. ‘கன்ஸ்மோக்’ தெருவில் அவங்களைக் கண்ணில் காண்றது அபூர்வம். செவ்விந்தியப் பாத்திரங்களும் பெரும்பாலும் வெள்ளை நடிகர்கள்தான். பர்ட் ரெனால்ட்ஸ்கூட மூணு வருஷம் பாதி கமாஞ்சி இரும்புக் கொல்லனா நடிச்சார். தொடரோட இந்தக் குறை பளிச்சுன்னு தெரியும், நான் நீட்டி விளக்க வேண்டியதில்லை.

மாசக்கணக்கில் புழுதி தின்னு வந்த பசங்களுக்கு டாட்ஜில் மொத்தமா சம்பளம் கைக்கு வரும். எதிர்லேயே சாராயம், சூதாட்டம். இடுப்பில் துப்பாக்கி. இப்போ நீங்க அந்த ஊரில் கடை வச்சிருக்கிற வியாபாரி. அந்தப் பசங்க பணம் உங்களுக்கு வேணும், ஆனா உங்க கடை வாசலில் பொணம் விழக்கூடாது. என்ன பண்ணுவீங்க?

அவங்க பண்ணினது ரொம்ப எளிமையானது. ஊருக்குள்ள துப்பாக்கி எடுத்துட்டு வரக்கூடாதுன்னு நகரசபைச் சட்டம் போட்டாங்க. ரயில் பாதைதான் எல்லைக்கோடு. அதுக்கு வடக்கே வரணும்னா துப்பாக்கியை ஒப்படைச்சிட்டு வரணும். ஊரை விட்டுப் போகும்போது திரும்ப வாங்கிக்கலாம். கோயிலுக்கு வெளியே செருப்பு விடற மாதிரின்னு வச்சுக்கோங்க. 1870களின் கடைசியில் எடுத்த ஒரு போட்டோ இருக்கு. டாட்ஜ் சிட்டியோட ஃப்ரண்ட் ஸ்ட்ரீட். நடுத்தெருவில் ஒரு பெரிய பலகை: துப்பாக்கி வைத்திருப்பது கண்டிப்பாகத் தடை. அதே பலகையில் ஏதோ ஒரு கசப்பு மருந்துக்கு விளம்பரம் வேற. ஸ்பான்சர் இல்லாம எந்த நல்ல காரியமும் நடக்கிறதில்லை, அப்பவும்.

அந்த ஊர் மார்ஷலோட நிஜமான தினசரி வேலையில் பெரும்பகுதி இதுதான். குடிச்சிட்டு விழுந்தவனைத் தூக்கி உள்ள போடறது, துப்பாக்கியோட சுத்தறவன்கிட்ட இருந்து அதைப் பிடுங்கறது. வயாட் எர்ப், பேட் மாஸ்டர்சன்னு பேர் கேள்விப்பட்டிருப்பீங்க, ரெண்டு பேரும் டாட்ஜில் அந்த வேலை பார்த்தவங்கதான். 1881-ல் அரிசோனாவில் டூம்ஸ்டோன் ஊரில் நடந்த ஓ.கே. கோரல் சண்டையை எத்தனை படம் எடுத்திருக்காங்க! அந்தச் சண்டையே ஊருக்குள்ள துப்பாக்கி கூடாதுங்கிற சட்டத்தை அமல்படுத்தப் போன இடத்தில் வெடிச்சதுதான்.

ராபர்ட் டைக்ஸ்ட்ராங்கிற வரலாற்றாசிரியர் 1968-ல் கான்சாஸ் மாட்டுச் சந்தை ஊர்களைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். அஞ்சு ஊர், 1870-ல் இருந்து 1885 வரை. அத்தனைக்கும் சேர்த்து அவர் எண்ணின கொலைகள் 45. அதில் டாட்ஜோட பங்கு 15. டிவி டாட்ஜில் அந்த எண்ணிக்கை சில மாசத்தில் முடிஞ்சிடும். ஆனா இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிதானமா பேசணும். நிஜ டாட்ஜோட ஜனத்தொகை ஆயிரத்துச் சொச்சம்தான். அவ்வளவு சின்ன ஊரில் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு கொலைங்கிறது விகிதமாப் பார்த்தா கம்மி இல்லை, அதிகம்தான். இதை வச்சு மத்த வரலாற்றாசிரியர்கள் டைக்ஸ்ட்ராவோட சண்டை போட்டிருக்காங்க. அதனால ‘நிஜ மேற்கு அமைதிப் பூங்கா’ன்னு நான் சொல்ல வரலை. ஆபத்தான ஊர்தான். ஆபத்தான ஊர்ங்கிறதாலதான் துப்பாக்கியை வெளியே வைன்னாங்க.

இது வெறும் பழங்கதை இல்லை. 2022-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூயார்க்கோட துப்பாக்கி உரிமச் சட்டம் ஒண்ணை ரத்து பண்ணிச்சு. பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துட்டுப் போகணும்னா தனிப்பட்ட, வலுவான காரணம் காட்டணும்னு சொன்ன சட்டம் அது. இனி இப்படிப்பட்ட கட்டுப்பாடு எதுவா இருந்தாலும் நாட்டோட வரலாற்று மரபோடு ஒத்துப்போகணும்னு பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னாங்க. அப்போ மேற்குப் பிரதேசங்களில் 19-ம் நூற்றாண்டில் இருந்த தடைகளும் வாதத்தில் வந்தது. அங்கே இருந்த ஜனங்க கொஞ்சம், அந்தச் சட்டங்கள் நின்ன காலமும் கொஞ்சம், அதனால பெரிய எடை தர முடியாதுன்னு தீர்ப்பில் ஒதுக்கிட்டாங்க. அந்தத் தீர்ப்புக்கு ஒரு டிவி தொடர் காரணம்னு நான் சொல்லலை, அது அபத்தம். ஆனா வரலாறு என்னங்கிற கேள்வி இப்போ நீதிமன்றத்தில் உயிர் போற கேள்வி. பொது ஜனங்க மனசில் இருக்கிற மேற்கு எதுன்னு கேட்டா, அந்தப் பலகை இருந்த தெரு இல்லை. ரெண்டு பேர் எதிரெதிரா நிக்கிற தெரு.

1957-ல் இருந்து 1961 வரை நாலு சீசன் தொடர்ச்சியா அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்த தொடர் இது. அந்த நாலு வருஷமும் எல்லா வாரமும் அந்த நாட்டோட வரவேற்பறையில் முதல்ல ஓடினது அந்த டைட்டில். ‘பிளடி ஹேண்ட்ஸ்’ ஓடினது ஒரு தடவை, அப்புறம் மறு ஒளிபரப்பில். கேக்கவே கஷ்டமா இருக்கு, ஆனா திரும்பத் திரும்ப வர்றதுதான் மனசில் நிக்குது. மெஸ்டன் நூற்றுக்கணக்கான கதை எழுதினார். டைட்டில் ஒண்ணுதான்.

இதில் இன்னொரு வேடிக்கை. நிஜ டாட்ஜ் சிட்டி 1958-ல் தன்னோட ஒரு தெருவுக்கே ‘கன்ஸ்மோக் ஸ்ட்ரீட்’னு பேர் மாத்திக்கிச்சு. ஊரைப் பார்த்துக் கதை எழுதினாங்க, அப்புறம் ஊர் கதையைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கிச்சு.

அந்த டைட்டில் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. 1968-ல் மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி ரெண்டு பேரும் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. டிவியில் வன்முறையைக் குறைக்கணும்னு அழுத்தம் அதிகமாச்சு. 1970களின் ஆரம்பத்தில் அந்தத் தெருச் சண்டையை எடுத்துட்டு, டில்லன் குதிரையில் பாய்ஞ்சு போற காட்சியை வச்சாங்க. அதுக்குள்ள தொடரும் மாறிப்போயிருந்தது. 1961-லயே அரை மணி ஒரு மணி நேரமாச்சு, 1966-ல் கலர் வந்தது. கல்லறை மேட்டில் டில்லன் தனியா நடந்துக்கிட்டே பேசற ஆரம்ப கால முன்னுரை போயிடுச்சு. செஸ்டர் போய், கென் கர்ட்டிஸ் நடிச்ச ஃபெஸ்டஸ் வந்தான், சிரிப்பு அதிகமாச்சு. கசப்பு குறைஞ்சது. எனக்கு அந்தக் கறுப்பு வெள்ளை அரை மணி எபிசோடுகள்தான் உசத்தி. சாம் பெக்கின்பா, ஆமா, பின்னாடி ‘தி வைல்ட் பன்ச்’ எடுத்த அதே பெக்கின்பா, ஆரம்ப சீசன்களில் ரேடியோ கதைகளை டிவிக்கு மாத்தி எழுதிக்கொடுத்து தொழில் பழகினது இங்கேதான்.

1967-ல் ஒரு தடவை தொடரை நிறுத்தவே முடிவு பண்ணிட்டாங்க. சிபிஎஸ் தலைவர் வில்லியம் பேலி தலையிட்டு அதைத் திரும்பக் கொண்டுவந்தார். இடம் வேணுமே, அதுக்காகப் பலியானது ‘கில்லிகன்ஸ் ஐலண்ட்’. அலுவலக அரசியல் எல்லா ஊரிலும் ஒண்ணுதான்.

கிட்டி பத்திப் பேசாம முடிக்க முடியாது. அமாண்டா பிளேக் 19 சீசன் நடிச்சார். லாங் பிராஞ்ச் சலூனில் பங்குதாரர். ரேடியோவில் அவங்க தொழில் என்னன்னு வாய் திறந்து சொல்ல மாட்டாங்க, கேக்கிறவங்களுக்குப் புரியும். டிவி அதைத் துடைச்சுக் கழுவி முதலாளியம்மா ஆக்கிடுச்சு. ஆனா அந்தம்மா கண்ணு எல்லாத்தையும் சொல்லிடும். டில்லன் சண்டைக்குக் கிளம்பறப்போ அவங்க போகாதேன்னு பெரும்பாலும் சொல்றதில்லை. கண்ணாடி டம்ளரைத் துடைச்சுக்கிட்டே பார்ப்பாங்க. திரும்பி வந்தா ஒரு டம்ளர் ஊத்துவாங்க. என் பாட்டி, தாத்தா ராத்திரி ரோந்து போன காலத்தைப் பத்திச் சொல்வாங்க. அவர் ரயில்வே பாதுகாப்புப் படையில் இருந்தார். கதவுத் தாழ் சத்தம் கேக்கிற வரைக்கும் தூக்கம் வராது, ஆனா அவர் உள்ள வர்றப்போ தூங்கற மாதிரி படுத்திருப்பேன்னு. கிட்டியைப் பார்க்கிறப்போ பாட்டி ஞாபகம் வரும்.

டில்லனும் கிட்டியும் கடைசி வரைக்கும் கல்யாணம் பண்ணிக்கலை. இதில் கொடுமை என்னன்னா, 1973-ல் ஒரு எபிசோடில் டில்லனுக்கு அடிபட்டு எல்லாம் மறந்துபோகுது. தான் யாருன்னே தெரியலை. அப்போ ஒரு விதவைப் பெண்ணைக் காதலிக்கிறான். மார்ஷல்ங்கிறதை மறந்தால்தான் அந்த ஆளுக்குக் காதலிக்க வருது. 1990-ல் வந்த ஒரு டிவி படத்தில் அந்த உறவில் ஒரு மகள் இருக்கிறதாவே காட்டினாங்க. பதினெட்டு வருஷம் டம்ளர் துடைச்சவங்களுக்கு என்ன நியாயம் இதுன்னு எனக்குக் கோபம்தான் வந்தது.

தொடர் 1975 மார்ச் 31-ல் முடிஞ்சது. முடிஞ்சதுன்னுகூட சொல்ல முடியாது, நின்னது. கடைசி எபிசோடு வேற யாரோ ஒரு விவசாயக் குடும்பத்துக் கதை. யாரும் விடைபெறலை. 20 வருஷம் ஓடின ஒரு தொடருக்கு ‘சுபம்’ போட ஒருத்தருக்கும் தோணலை.

எங்கே ஆரம்பிக்கிறதுன்னு கேட்கிறவங்களுக்கு: முதல் எபிசோடு, அப்புறம் நேரா ‘பிளடி ஹேண்ட்ஸ்’. பிடிச்சா ‘தி கேபின்’. பனிப்புயலில் டில்லன் ஒதுங்கப் போற குடிசையில் ரெண்டு கொலைகாரங்களும், அவங்ககிட்ட சிக்கின ஒரு பொண்ணும் இருப்பாங்க. டிவியிலும் இருக்கு, ரேடியோவிலும் இருக்கு. ரேடியோவில் கேளுங்க, ராத்திரி, ஹெட்போன் போட்டுக்கிட்டு. குடும்பத்தோட உட்கார்ந்து சாப்பிடறப்போ வேண்டாம்.

அக்கா பையன் ஊருக்குத் திரும்பியாச்சு. போன வாரம் வீடியோ காலில் கேட்டான், அந்த உயரமான போலீஸ் எல்லார்கிட்டயும் துப்பாக்கியை வாங்கி வைக்கிற எபிசோடு இருக்கான்னு. தேடிக்கிட்டு இருக்கேன். உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வந்தா சீசன், எபிசோடு எண்ணோட எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.